சாதித்தவர் கதையில் நடுப்பகுதியை வெட்டாதீர்கள்

பள்ளிப் பாடநூல்களும் சிறார் இதழ்களும் எழுதுகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பையோடு நேராக இங்கே வந்துவிடுவார்கள். பாதிப் பேர் புத்தகத்துக்கு, மீதிப் பேர் மின்விசிறிக்கு. சனிக்கிழமை மதியம் எல்லோரையும் பாயில் உட்கார வைத்து, யாராவது ஒருவருடைய வாழ்க்கைக் கதையைப் படித்துப் பேசுவோம். அப்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் எழுதுகிறவர்கள் காதுக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

கேட்க வந்தது ஒன்றுதான். விடாமுயற்சியைச் சொல்லித்தர, நிஜமாக வாழ்ந்தவர்களின் கதையைக் கொடுக்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் கொடுக்கும்போது நடுப்பகுதியை வெட்டிவிடாதீர்கள். "ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், விடாமல் உழைத்தார், உலகப் புகழ் பெற்றார்" என்று மூன்று வரியில் ஒரு அச்சு இருக்கிறது. மேடைப் பேச்சாளர் முதல் வாட்ஸ்அப் வரை எல்லோரும் அதில்தான் வார்க்கிறார்கள். பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டாவது வரிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. உழைத்தார் என்றால் காலையில் எழுந்து என்ன செய்தார்? எங்கே தப்பாய்ப் போனது? அப்போது வீட்டில் அடுப்பெரிய யார் காசு கொடுத்தார்கள்? இதையெல்லாம் சொல்லாமல் முதல் வரியிலிருந்து மூன்றாவது வரிக்குத் தாவினால், கேட்கிற பிள்ளைக்கு ஒன்றுதான் மிஞ்சுகிறது: நம் அப்பா இன்னும் கூலிக்குப் போகிறார் என்றால் அவர் சரியாக உழைக்கவில்லை போலிருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை என்னிடம் வாய்விட்டே சொன்னாள். ஆறாம் வகுப்பு.

பெரிய விஷயத்துக்குப் போகும் முன் சின்னதாக ஒரு வேண்டுகோள். அந்தக் கழுகை விட்டுவிடுங்கள். கழுகுக்கு 40 வயதானதும் அலகு வளைந்து நகம் மழுங்கிப் போகுமாம். மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்குமாம். புது அலகு முளைத்ததும் அதைக்கொண்டு நகத்தையும் இறகையும் பிடுங்கி எறியுமாம். 150 நாள் கழித்துப் புதுப்பிறவி எடுத்து இன்னும் 30 வருடம் வாழுமாம். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் ஒருவர் கண்ணில் நீர் வரும்படி இதைச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பையன் என் காதில் கேட்டான்: "அலகு இல்லாம அஞ்சு மாசம் அது என்னக்கா சாப்பிடும்?"

சரியான கேள்வி. அலகு உடைந்த கழுகு பட்டினி கிடந்து சாகும். அலகும் நகமும் அதன் வாழ்நாள் முழுக்க வளர்ந்து தேய்ந்துகொண்டே இருப்பவை; இறகும் அவ்வப்போது உதிர்ந்து முளைப்பது. பாறையில் மோத வேண்டிய தேவையே அதற்குக் கிடையாது. இதே கணக்கில் ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் ஆன கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் 15 வயதுக்குள் நுண்கணிதம் கற்று முடித்தவர். எடிசனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா மாற்றிப் படித்துக் காட்டியதாகச் சொல்லும் கதையும் பிற்காலத்தில் யாரோ கட்டியது. எடிசன் தானே சொன்னது வேறு. ஆசிரியர் தன்னை மூளை குழம்பியவன் என்றதைத் தன் காதாலேயே கேட்டாராம். அம்மா பள்ளிக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு, வீட்டில் வைத்துத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தாராம். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. இதில் பையனுக்கு எல்லாம் தெரியும். அம்மாவும் பொய் சொல்லவில்லை.

இனி ராமானுஜன். டிசம்பர் 22 வந்தால் எல்லாப் பள்ளியிலும் அவர் படம் வந்துவிடும். வறுமையில் வாடிய மேதை, கடிதம் போட்டார், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி கூப்பிட்டார், கப்பல் ஏறினார். நாங்கள் அந்த நடுப்பகுதியை ஒரு சனிக்கிழமை நிறுத்தி நிதானமாகப் படித்தோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு பாடத்தை எட்டிப் பார்க்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். அப்புறம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாமல், வேலை இல்லாமல், நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்து ஒரு சின்ன வேலை கேட்டார். ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவரைக் கொண்டுபோய் வருவாய்த்துறையில் ஒரு மூலையில் உட்காரவைக்க மனமில்லாமல், சென்னையில் கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்; துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துணை நின்றார். கேம்பிரிட்ஜுக்குப் போட்ட கடிதங்களிலும் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தைத்தான் ஹார்டி எடுத்துப் பார்த்தார்.

படித்து முடித்ததும் ஒரு பெண் விரல்விட்டு எண்ணினாள். ஹார்டியையும் சேர்த்து ஐந்து பேர். "இதுல ஒருத்தரு 'அப்புறம் வாப்பா'ன்னு சொல்லியிருந்தா என்னாகியிருக்கும்?" என்று கேட்டாள். வறுமையில் வாடிய மேதை என்று மட்டும் படித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டத் துணிந்தது, இரண்டு பேர் கண்டுகொள்ளாத பிறகும் மூன்றாவது கடிதம் எழுதியது, இவை ராமானுஜனின் விடாமுயற்சி. நோட்டை வாங்கிப் பார்த்தது மற்றவர்கள் செய்தது. இரண்டையும் எழுதினால்தான், யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும்.

ராமானுஜன் பாடத்தை வைக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு பாடம் வைக்க முடியுமா என்று கேட்கிறேன். அது ஜானகி அம்மாள். 1909-இல் ராமானுஜனை மணந்தபோது அவருக்குப் பத்து வயது. 1920-இல் கணவர் 32 வயதில் இறந்தபோது இவருக்கு 21. அந்தக் காலத்தில் 21 வயது கைம்பெண் ஒருவருக்கு மிச்சம் இருந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்தார், தையல் கற்றுக்கொண்டார். 1931-இல் சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். ஒரு சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கினார். வயதான காலத்தில், கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி, உலகெங்கும் உள்ள கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, மார்பளவுச் சிலை செய்ய ஏற்பாடு செய்தார். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

எழுபது ஆண்டுக்கு மேல் தனியாக ஒரு வாழ்க்கையை நடத்திக் காட்டியவர் அவர். மெடல் எதுவும் வாங்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பல பேருக்கு அம்மா தைத்துத்தான் வீடு ஓடுகிறது. ரவிக்கைக்கு ஊக்கு கட்டவும் காஜா எடுக்கவும் அவர்களுக்கே தெரியும். ராமானுஜன் அவர்களுக்குத் தூரத்தில் இருக்கிறார். ஜானகி அம்மாளைப் படித்தபோது "எங்க அம்மா மாதிரி" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஏழ்மையை எழுதுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "காய்கறி விற்கும் ஏழைத் தாயின் மகன்" என்று வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது, காய்கறி விற்கிற அம்மாவின் பிள்ளை ஒன்று மூன்றாவது வரிசையில் இருக்கும். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். வியாபாரம் என்று எழுதுங்கள், எந்தச் சந்தை, எத்தனை மணிக்குப் போவார் என்று எழுதுங்கள். பரிதாபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கலாம் ஐயாவின் கதையில் நடுப்பகுதிக்குக் குறைச்சலே இல்லை. அவரே அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பியது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் தடுமாறிப்போய் 317 விநாடியில் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை தப்பாமல் பிடித்து வைக்கும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. கிளம்பும் முன்பே கணினி எச்சரித்தது. பரவாயில்லை, போகலாம் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். பொறுப்பில் இருந்த கலாம் போகச் சொன்னார்.

இதில் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று அந்த வால்வு. விழுந்த ராக்கெட்டைப் பார்த்து "இன்னும் கடுமையாக உழைப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அடுத்ததும் விழுந்திருக்கும். எது பழுது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். என்னிடம் வருகிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 816-ஐ 8-ஆல் வகுத்து 12 என்று எழுதுவான். எத்தனை முறை போட்டாலும் 12-தான். "முயன்றால் முடியாதது இல்லை" என்று அவனுடைய அறிக்கை அட்டையில் எழுதியிருந்தார்கள். பாவம், அவன் முயலாமல் இல்லை. 8-இல் 8 ஒரு முறை, அடுத்து 1 போதவில்லை என்றதும் 6-ஐ இறக்கிவிடுகிறான். போதாதபோது மேலே ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்று தெரியவில்லை. அதைக் காட்டியதும் 102 வந்துவிட்டது. அவனுடைய வால்வு அந்தப் பூஜ்யம். தப்பைத் தேடுவதற்கும் விடாமுயற்சியில் இடம் உண்டு என்று கலாம் கதையை வைத்துச் சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது.

இரண்டாவது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். ராக்கெட் விழுந்த அன்று செய்தியாளர்கள் முன் அவரே போய் உட்கார்ந்தார். பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, இந்தக் குழுவே அடுத்த ஆண்டு ஜெயிக்கும் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்றைக்குத் தவான் கலாமைக் கூப்பிட்டு, செய்தியாளர்களை நீங்கள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்தக் கதையைக் கலாமின் உறுதிக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தவானுக்காக இதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் பெற்றோர் முன்னால் பிள்ளையை நிற்கவைத்துப் பேசுகிறோமே, அந்த நாளில் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

மாரியப்பன் தங்கவேலுவை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் 2016 வரைதான் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் வலது காலில் பேருந்து ஏறியது. ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். எல்லோரும் இங்கே முற்றும் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் சுவரில் அளந்து சாக்பீஸால் மூன்று கோடு போட்டோம். ரியோ 1.89, டோக்கியோ 1.86, 2024 பாரிஸ் 1.85. தங்கம், வெள்ளி, வெண்கலம். "அப்ப அவரு இறங்கிக்கிட்டேதானக்கா வர்றாரு?" என்றான் ஒருவன்.

அப்படியா என்று பேசிப் பார்த்தோம். டோக்கியோவில் கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டியவர் அவர். கொரோனா தொற்று உள்ள ஒருவர் அருகில் இருந்துவிட்டதால் அந்த வாய்ப்புப் போயிற்று. போட்டியன்று மழை, ஊனமான காலில் போட்டிருந்த காலுறை நனைந்துபோய்த் தாண்டுவது சிரமமாகிவிட்டது என்று அவரே சொன்னார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். எட்டு வருடமாக, அந்த மூன்று நாலு சென்டிமீட்டருக்குள்ளேயே தன்னை விடாமல் வைத்திருக்கிறார். ஜெயித்த பிறகும் பயிற்சிக்குப் போவது தோற்ற பிறகு போவதைவிடக் கஷ்டமாக இருக்கலாம். எந்தப் பாடமும் அந்த இடத்துக்குப் போவதில்லை, தங்கத்தோடு நின்றுவிடுகிறது. அவரிடம் திறமை இருப்பதை முதலில் கண்டது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்கிற பள்ளிகள் அதைப் படிக்கட்டும். சுவர்க் கோட்டை எட்டித் தொடக் குதித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "தாண்டி விழ நம்ம ஸ்கூல்ல மெத்தை இருக்காக்கா?" என்று கேட்டாள். இல்லை.

பிள்ளைகள் இப்படிக் கேட்பதைப் பாடம் தடுக்கக்கூடாது. பீகாரின் தசரத் மாஞ்சி 1960 முதல் 1982 வரை உளியும் சுத்தியலுமாக மலையைப் பிளந்து வழி செய்ததைச் சொன்னேன். 55 கிலோமீட்டராக இருந்த தூரம் 15 ஆனது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பிறகு ஒருவன், "22 வருஷமா ஏன் யாரும் ரோடு போட்டுத் தரல?" என்றான். மாஞ்சியின் உறுதியை வியக்கிற பிள்ளைதான் இதையும் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்தக் கதை முழுக்கதை.

வெளியூர்க் கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே ஒன்று கிடக்கிறது. 1991-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரியில் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

இதைப் படித்த அடுத்த வாரம் ஒரு பிள்ளை தன் அப்பாயியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாடகை சைக்கிளில், பொழுது சாய்ந்த பிறகு, கண்மாய்க்கரையில் பழகினார்களாம். சேலை செயினில் மாட்டிக் கிழிந்தது, கருவேல முள்ளில் விழுந்தது, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது எல்லாம் சொன்னார். விட்டுவிடலாம் என்று தோன்றவில்லையா என்று பேத்தி கேட்டாள். "தனியா பழகியிருந்தா விட்டிருப்பேன்டி. நாங்க பதினஞ்சு பேரு. ஒருத்தி விழுந்தா ஒருத்தி சிரிப்பா, ஒருத்தி தூக்குவா. வீட்டுக்குள்ள கெடக்க முடியாது, மறுநாள் வந்து கதவ தட்டுவாளுக" என்றார் அந்த அம்மா. பல பேர் சேர்ந்து விடாமல் இருந்த கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. பாடமாக வருகிறபோது மட்டும் ஒற்றை ஆள்தான் வருகிறார், அதுவும் பெரும்பாலும் ஆண்.

கடைசியாகத் தேர்வு. "இப்பாடத்தின் வழி நீ அறியும் நீதி யாது?" என்று கேட்டால் எல்லா நோட்டிலும் கோனார் உரை பாணியில் ஒரே பதில்தான் இருக்கும். விடாமுயற்சி வெற்றி தரும், ஐந்து மதிப்பெண். அதற்குப் பதில் வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள். கணினி நிறுத்தச் சொன்னபோது கலாம் இடத்தில் நீ இருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பாய்? உன் தெருவில் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய ஆள் யார்? உனக்குத் தெரிந்த ஒருவர் முயன்றும் கைகூடாத ஒன்றைப் பற்றி எழுது. இந்த மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் எழுதுவதைப் படித்தால், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வரும். விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது என்பீர்கள். முடியாதுதான். மதிப்பெண் இல்லாமல் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பக்கம் எங்கே இருக்கிறது என்ற கஷ்டம் எனக்கும் தெரியும். எட்டுப் பேரை அரைப் பக்கம் அரைப் பக்கமாக வைப்பதைவிட இரண்டு பேரை நாலு நாலு பக்கமாக வைக்கலாம். "இமயம் தொட்ட", "சரித்திரம் படைத்த" வகைச் சொற்களை எடுத்தாலே கால் பக்கம் மிச்சமாகும்.

எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டு ஒன்று நூலகத்தில் இருக்கிறது. 40 பக்கம். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு நகல் போட்டு அனுப்பத் தயார், முகவரி சொல்லுங்கள். எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை, நீங்களும் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஊர்ப்புற நூலகர்,
புதுக்கோட்டை மாவட்டம்.